சாவியோடு போகிற டிக்கி

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்யாணம் கோவில்பட்டியில், வரவேற்பு சென்னையில். வரவேற்பை மாப்பிள்ளை வீட்டார் ஏற்பாடு செய்கிறார்கள், மண்டபத்தில் வாலட் பார்க்கிங் உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். நகைப்பெட்டியையும் வெள்ளிச் சாமான்களையும் டிக்கியில் வைத்துப் பூட்டிவிட்டு வாசலில் சாவியைக் கொடுத்துவிடலாமா, டிக்கிதான் பூட்டியிருக்குமே என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு மட்டும் பதில் போட்டிருக்கலாம். முகூர்த்த மாதம் வந்தால் பல வீடுகளில் எழுகிற கேள்வி என்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பதில்: வேண்டாம். எந்த டிக்கியாக இருந்தாலும், யார் ஏற்பாடு செய்த வாலட்டாக இருந்தாலும் வேண்டாம்.

தெருவில் நிறுத்திய காரில் பின் சீட்டில் பையை வைப்பதைவிட டிக்கியில் வைப்பது நல்லதுதான். கண்ணாடியை உடைத்துக் கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு ஓடுகிறவனுக்கு டிக்கியில் இருப்பது தெரியாது, எட்டவும் எட்டாது. டிக்கி நமக்குத் தருகிற பாதுகாப்பு அவ்வளவுதான்: வழிப்போக்கன் கண்ணிலிருந்து மறைவு. சாவி வைத்திருப்பவனுக்கு அந்த மறைவு ஒரு தடையே இல்லை. நீங்கள் கொடுக்கிற ரிமோட்டிலேயே டிக்கிக்கு ஒரு பொத்தான் இருக்கிறது. பழைய வண்டி என்றால் டிரைவர் சீட்டுக்குக் கீழே, பெட்ரோல் மூடிக்கான நெம்புகோலுக்குப் பக்கத்திலேயே டிக்கி நெம்புகோலும் இருக்கும். செடான்களில் பின் சீட்டை மடக்கினால் டிக்கிக்குள் வழி கிடைக்கிற வண்டிகள் நிறைய. ஹேட்ச்பேக்கும் எஸ்.யூ.வி.யும் இன்னும் மோசம். அவற்றில் டிக்கி என்று தனி அறையே கிடையாது. பின் சீட்டுக்குப் பின்னால் ஒரு பலகை, அல்லது இழுத்து மாட்டுகிற ஒரு துணித்திரை. அதைத் தூக்கினால் உள்ளே இருப்பது அத்தனையும் தெரியும்.

வாலட் பழக்கம் வேரூன்றிய அமெரிக்காவில் கார் கம்பெனிகள் இதைத் தெரிந்துகொண்டு, வாலட்டுக்கு என்றே இரண்டாவது சாவி ஒன்றைக் கொடுத்தார்கள். அந்தச் சாவியில் கதவு திறக்கும், வண்டி ஓடும், டிக்கியும் டேஷ்போர்டு பெட்டியும் திறக்காது. இப்போது டெஸ்லா மாதிரி வண்டிகளில் திரையில் நான்கு இலக்க எண்ணைப் போட்டால் போதும். வேகம் மணிக்கு 113 கிலோமீட்டரைத் தாண்டாது, டேஷ்போர்டு பெட்டியும் முன்பக்க டிக்கியும் பூட்டிக்கொள்ளும். நம் ஊர்ப் புது வண்டிகள் சிலவற்றிலும் 'வாலட் மோடு' என்று திரையில் பார்த்திருப்பீர்கள். அதை நம்பி நகையை வைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது திரையைத்தான் பூட்டுகிறது. உங்கள் போன் எண்களையும் சேமித்து வைத்த வீட்டு முகவரியையும் மறைக்கும். டிக்கி வழக்கம்போலத் திறக்கும்.

சில செடான்களில் டேஷ்போர்டு பெட்டிக்குள் டிக்கியை முடக்குகிற சுவிட்ச் ஒன்று உண்டு. அதை அணைத்து, ரிமோட்டுக்குள் செருகியிருக்கும் இரும்புச் சாவியை உருவி டேஷ்போர்டு பெட்டியைப் பூட்டி, அந்தச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ரிமோட்டை மட்டும் வாலட்டிடம் கொடுக்கலாம். உங்கள் வண்டியில் இந்த வசதி இருக்கிறதா என்று வண்டியோடு வந்த கையேட்டில் பாருங்கள். இருந்தால் வீட்டு வாசலிலேயே ஒருமுறை அப்படிப் பூட்டிவிட்டு, ரிமோட்டைத் தம்பி மகன் யாரிடமாவது கொடுத்து, டிக்கியைத் திறக்க முடிகிறதா பார் என்று சொல்லுங்கள். பின் சீட்டை மடக்கிப் பார்க்கவும் சொல்லுங்கள். பல பேருக்குப் பத்து நிமிஷத்தில் உண்மை தெரிந்துவிடும். இந்தச் சோதனையில் தேறிய டிக்கியில்கூட லேப்டாப், பட்டுச்சேலைப் பெட்டி, மாற்றுத்துணி வைக்கலாம் என்பேன். பவுன் கணக்கில் நகை வைக்கச் சொல்லமாட்டேன்.

வாலட் என்றதும் நாம் வண்டியை எடுத்துப்போகிற பையனைத்தான் சந்தேகப்படுகிறோம். அது அநியாயம் மட்டுமல்ல, பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்காமலும் செய்துவிடுகிறது. 1998 ஆகஸ்டில் டெல்லி தாஜ் மஹால் ஹோட்டலில் நடந்ததைச் சொல்கிறேன். இரவு 11 மணிவாக்கில் ஒருவர் தன் மாருதி ஜென் காரை ஹோட்டல் வாலட்டிடம் கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனார். ஒரு மணிக்குத் திரும்பி வந்தால் கார் இல்லை. வேறொரு காரில் வந்த மூன்று இளைஞர்கள் தங்கள் வண்டியைக் கேட்டு வாலட்டை அனுப்பிவிட்டு, அந்த நேரத்தில் அங்கே இருந்த ஜென் சாவியை எடுத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் பார்க்கிங்குக்குப் போய்க் காரைக் கிளப்பினான். காவலாளி சீட்டைக் கேட்டபோது வேகமாக ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

கவனியுங்கள், அண்ணாச்சி. நட்சத்திர ஹோட்டல், சீருடை போட்ட ஆட்கள், வாசலில் காவல். பூட்டு எதுவும் உடைபடவில்லை, வாலட் திருடவில்லை. சாவி ஆளில்லாமல் கிடந்தது, அவ்வளவுதான். நம் மண்டபங்களில் சாவிகள் எங்கே இருக்கின்றன என்று அடுத்த கல்யாணத்துக்குப் போகும்போது பாருங்கள். வாசல் ஓரத்தில் ஒரு மேசை, ஆணி அடித்த ஒரு பலகை. இருநூறு வண்டிகள் ஒரே அரைமணியில் வந்து நிற்கின்றன. நான்கைந்து பேர் ஓடி ஓடி வண்டி எடுக்கிறார்கள். பலகைக்கு முன்னால் யாரும் இல்லாத நிமிஷங்கள் நிச்சயம் உண்டு. வண்டி போய் நிற்கிற இடமும் மண்டபத்துக்குள் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். தி.நகர் மாதிரி இடங்களில் பக்கத்துத் தெரு, காலி மனை, சர்வீஸ் ரோடு என்று கிடைத்த இடத்தில் நிறுத்துவார்கள். உங்கள் நகைப்பெட்டி இரவு 10 மணிக்கு எந்தத் தெருவில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது.

அந்த டெல்லித் திருட்டு வழக்காகி, உச்ச நீதிமன்றம் வரை போய் 2019 நவம்பரில் தீர்ப்பானது. நமக்குச் சாதகமான தீர்ப்பு. வண்டியைச் சாவியோடு வாங்கிக்கொண்டால் ஹோட்டல் அதை வாங்கிய நிலையிலேயே திருப்பித்தரக் கடமைப்பட்டது. 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், பிறர் பொருளைப் பாதுகாக்க வாங்கிக்கொண்டவர் தன் சொந்தப் பொருளைப் போல அதைக் கவனிக்க வேண்டும் என்று இருக்கிறது. அதன் அடிப்படையில், தங்கள் மேல் தவறு இல்லை என்று காட்டவேண்டியது ஹோட்டல்தான் என்று சொன்னார்கள். சீட்டில் 'உரிமையாளர் பொறுப்பில்' என்று அச்சடித்துவிட்டதாலேயே தங்கள் கவனக்குறைவுக்கு ஹோட்டல்காரர்கள் தப்பிக்க முடியாது. வாலட்டுக்குத் தனியாகக் காசு வாங்கவில்லை என்பதும் செல்லாது. அதற்கான விலை சாப்பாட்டிலும் அறை வாடகையிலும் சேர்ந்தே இருக்கிறது. காருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்திருந்த 2.8 லட்சம் ரூபாயை ஹோட்டல் தரவேண்டி வந்தது. ஆகவே எந்த மண்டபத்திலும் 'எங்கள் பொறுப்பில்லை' என்ற பலகையைப் பார்த்துப் பேசாமல் திரும்ப வேண்டியதில்லை.

ஆனால் அந்த வழக்கு காரைப் பற்றியது. கார் அங்கே கொடுக்கப்பட்டது என்பதற்குச் சீட்டு சாட்சி. உங்கள் டிக்கியில் நாற்பது பவுன் இருந்தது என்பதற்கு யார் சாட்சி? வாலட் உள்ளே பார்த்து வாங்கிக்கொள்ளவில்லை. நீங்களும் சொல்லிக் கொடுக்கவில்லை, சொல்லவும் கூடாது. போன பிறகு நிரூபிக்க வேண்டியது நீங்கள். அந்தக் கார் வழக்கே முடிவுக்கு வர 21 வருடம் ஆயிற்று. நகைக்கு எவ்வளவு காலம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்சூரன்சிலும் ஆறுதல் குறைவு. கார் பாலிசி காரையும் அதில் பொருத்திய சாமான்களையும்தான் காக்கிறது. சொந்தப் பொருட்களுக்கு என்று கூடுதல் பிரீமியம் கட்டி எடுக்கிற பிரிவிலும் வழக்கமாகப் பணத்தையும் நகையையும் விலக்கியிருப்பார்கள். வீட்டுப் பாலிசியில் நகையைத் தனியாகச் சேர்த்து, வெளியே எடுத்துப்போனாலும் செல்லும்படி எடுத்திருந்தால் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. அதிலும், ஆளில்லாத வண்டியிலிருந்து போனால் எல்லாக் கதவும் ஜன்னலும் பூட்டியிருந்தால்தான் தருவோம் என்பது போன்ற நிபந்தனை இருக்கும். சாவியை நீங்களே ஒருவரிடம் கொடுத்த பிறகு அந்த நிபந்தனையை வைத்து வாதாடுவது கஷ்டம். பாலிசியை இப்போதே எடுத்து ஒருமுறை படித்துவிடுங்கள்.

வங்கி லாக்கரில்கூட, 2022 ஜனவரி முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, திருட்டு, தீ, வங்கி ஊழியரின் மோசடி போன்றவற்றில் பொருள் போனால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையில் நூறு மடங்கோடு முடிகிறது. இரும்பு அறைக்கே அவ்வளவுதான். அந்த லாக்கரிலிருந்து எடுத்த நகையைத்தான் நாம் மண்டப வாசலில் ஒரு பிளாஸ்டிக் டோக்கனுக்கு மாற்றிக்கொள்கிறோம்.

கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும், எனக்கு நகையைவிடப் பெரிய பயம் அதில்தான். உங்கள் கார் சாவிக்கொத்தில் வீட்டுச் சாவியும் தொங்குகிறதா? நம்மில் பாதிப்பேருக்கு அப்படித்தான். டேஷ்போர்டு பெட்டியில் ஆர்.சி. புத்தகம், அதில் வீட்டு முகவரி. மேலே ஒரு கல்யாணப் பத்திரிகை: எந்தத் தேதியில், எந்த மண்டபத்தில், எத்தனை மணி வரை குடும்பம் முழுவதும் வீட்டில் இருக்காது என்பது விவரமாக அச்சாகியிருக்கிறது. நீங்கள் சென்னையில் தங்கப்போவது உறவினர் வீடு என்றால், அந்த வீட்டுச் சாவிக்கும் இதே ஆபத்து. ஆகவே கார் சாவியைத் தனி வளையத்தில் போடுங்கள். 2018 முதல் டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ இருக்கும் ஆர்.சி.யைக் காட்டினால் செல்லும், அசலை வண்டியில் வைத்திருக்க அவசியமில்லை. பத்திரிகைகளையும் வண்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். வங்கிப் பாஸ்புக், செக் புத்தகம், மண்டப அட்வான்ஸ் ரசீது என்று கல்யாண அலைச்சலில் காரில் சேர்ந்திருக்கும் காகிதங்களையும் முந்தின நாளே காலி செய்யுங்கள்.

இனி மொய். வரவேற்பு முடிகிற நேரத்தை நினைத்துப் பாருங்கள். இரவு 10 மணிக்கு மேல் ஆகிவிட்டது. கடைசிப் பந்தி நடக்கிறது. மொய்க் கவர்கள் ஒரு துணிப்பையில், பரிசுப்பொட்டலங்கள் இரண்டு அட்டைப்பெட்டியில், கழற்றிய நகைகள் சித்தியின் கைப்பையில். யாரோ ஒருவர் டோக்கனைக் கொடுத்துக் காரை வாசலுக்கு வரவழைக்கிறார். டிக்கி திறக்கிறது. எல்லோரும் பார்க்க, பெட்டி பெட்டியாக ஏற்றுகிறார்கள். அந்தச் சமயத்தில் பெரிய மாமா இன்னும் சாப்பிடவில்லை என்று தெரிகிறது. பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்கிறது. சரி, ஒரு ஓரமா போடுப்பா, பத்து நிமிஷத்தில் வந்துவிடுகிறோம் என்று வண்டியைத் திரும்ப அனுப்பிவிடுகிறோம். அந்த ராத்திரியிலேயே மிக ஆபத்தான நேரம் அதுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும், வண்டியில் நம் ஆள் ஒருவரும் இல்லை.

டிக்கியில் ஏற்றுவது கடைசி வேலையாக இருக்கவேண்டும். ஏற்றியதும் வண்டி கிளம்பவேண்டும். அல்லது ஏற்றிய கணத்திலிருந்து நம் வீட்டு ஆள் ஒருவர் சாவியோடு வண்டிக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். வரும்போதும் இதே கவனம் தேவை. மண்டப வாசலில் டிக்கியைத் திறந்து பட்டுச்சேலைப் பெட்டிக்குக் கீழே எதையாவது தள்ளி ஒளித்துவைப்பது, ஒளித்த இடத்தைக் காட்டிக்கொடுப்பதற்குச் சமம். மறைக்கவேண்டியதைக் கிளம்புகிற இடத்திலேயே மறைத்துவிட்டு வரவேண்டும்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்பும் ஏற்பாடு எளிது. பெண் வீட்டு வண்டி ஒன்றை வாலட்டுக்கு விடாதீர்கள். மண்டப மேலாளரிடம் முன்கூட்டியே பேசி, வாசலுக்கு அருகில், கேமராவின் பார்வையில் ஓர் இடத்தை உங்கள் கார் எண்ணைச் சொல்லி ஒதுக்கச் சொல்லுங்கள். மணமக்கள் வண்டிக்கு இடம் விடுகிற மண்டபத்தில் இதற்கும் மறுக்கமாட்டார்கள். சம்பந்தி மூலமாகக் கேட்டால் இன்னும் எளிது. அந்த வண்டியை உங்கள் தம்பி மகனோ டிரைவரோ தானே நிறுத்திப் பூட்டி, சாவியை வைத்துக்கொள்ளட்டும். அந்த வண்டியிலும் நகை தங்கவேண்டாம். வந்ததும் மணமகள் அறைக்குப் போகட்டும். அறைக்கு நல்ல பூட்டு இருக்கிறதா, மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மேடை ஏறுகிற நேரத்திலும் நிதானமான ஓர் அத்தையோ பெரியம்மாவோ அந்த அறையில் உட்கார்ந்திருக்கட்டும். அவர்களுக்குச் சாப்பாட்டை அறைக்கே அனுப்புங்கள், அவர்கள் எழுந்துபோகவேண்டிய அவசியம் வரக்கூடாது. ஹோட்டலில் தங்குவதாக இருந்தால் வரவேற்பு மேசையில் பாதுகாப்புப் பெட்டக வசதி கேளுங்கள், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மொய்ப்பணத்தை இரண்டு பேர் சேர்ந்து எண்ணி எழுதி, இருவரும் ஒரே வண்டியில் எடுத்துப்போகட்டும்.

கிளம்புவதற்கு முன் நகைகளை ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்து, எடையை எழுதி, ரசீதுகளோடு வீட்டில் ஒரு பிரதி வையுங்கள். 2023 ஏப்ரல் முதல் தேதிக்குப் பிறகு ஹால்மார்க் முத்திரையோடு வாங்கிய தங்க நகையில் எழுத்தும் எண்ணுமாக ஆறு குறிகள் கொண்ட எச்.யு.ஐ.டி. இருக்கும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். போலீசிடம் 'ஒரு ஆரம், ஒரு ஜோடி வளையல்' என்று சொல்வதைவிட அந்த எண்ணைச் சொல்வது பல மடங்கு உதவும்.

மற்ற வண்டிகளை வாலட்டுக்குக் கொடுக்கிறவர்கள், கொடுக்கும்போது கிலோமீட்டர் மீட்டரையும் காரின் நான்கு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளட்டும். சீட்டு இல்லாமல் சாவியைக் கொடுக்கவே கூடாது. வண்டியைத் திரும்ப வாங்கும்போது வாசலிலேயே டிக்கியைத் திறந்து பார்க்கவேண்டும். வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து கேட்டால் யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள், ஒப்புக்கொள்ள அவர்களுக்கு நியாயமும் இல்லை. ஏதாவது குறைந்தால் அங்கேயே 112-க்கு அழையுங்கள். கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். சில நாட்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருட அவகாசம் உண்டு.

கடைசியாக அந்தப் பையன்களைப் பற்றி. பெரும்பாலும் காண்ட்ராக்டரிடம் வேலை பார்ப்பவர்கள். நாம் சாப்பிட்டு முடித்து வெளியே வரும்போது அவர்கள் இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். மழையிலும் புழுக்கத்திலும் நம் வண்டிகளைத் தேடித் தெருத்தெருவாக ஓடுகிறார்கள். ஒரு நகை காணவில்லை என்ற சத்தம் வாசலில் எழுந்தால் முதலில் அவர்கள் சட்டைப்பைகளைத்தான் தடவுவார்கள். நகை வீட்டு பீரோவிலேயே மறந்துபோய் இருந்தது என்று மறுநாள் தெரிந்தாலும் அவமானப்பட்டவனிடம் போய் யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை. டிக்கியைக் காலியாகக் கொடுப்பது அவனுக்கு நாம் செய்கிற மரியாதையும்கூட. உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அது சம்பந்தி வீட்டார் வைத்த வாலட். அவர்கள் ஆளைச் சந்தேகப்பட்டுக் கேட்கிற ஒரு வார்த்தை, உங்கள் மகள் அந்த வீட்டில் எடுத்துவைக்கும் முதல் அடியிலேயே வந்து விழும். நகை திரும்பக் கிடைத்தாலும் அந்த வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியாது.

மண்டப மேலாளரிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள். முகூர்த்த நெருக்கத்தில் அவர்களுக்கும் இடம் ஒதுக்குவது சிரமம். கார் சாவியை வீட்டுச் சாவியிலிருந்து கழற்றுகிற வேலையை இந்தக் கடிதத்தை மடித்துவைத்ததும் செய்யுங்கள். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்